ஒன்பதாம் வண்டி

ஜனவரி 4, ஞாயிறு

பட்டியலை இன்று தொடங்குகிறேன். இந்த நோட்டை வேறு யாராவது படிக்க நேரலாம் என்று வக்கீல் சொன்னார். ஆகவே எனக்குத் தெரிந்தவற்றையும் எழுதுகிறேன்.

இடம்: மேட்டுப்பாளையத்துக்கு வெளியே, முதலாளி நஞ்சப்பன் அண்ணனின் யார்டு. ராணுவம் கழித்த லாரிகளை ஏலத்தில் எடுத்து, பழுது பார்த்து, மலைத் தோட்டங்களுக்கும் காய்கறி வியாபாரிகளுக்கும் விற்கிறோம். நான் மூன்று வருடமாக இங்கே எழுத்து வேலை. மொழியியல் எம்.ஏ. படித்தவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. டிசம்பர் 11க்குப் பிறகு யாரும் அதைக் கேட்பதில்லை.

இன்றைய தேதிக்கு நிற்பவை பதினொன்று. இரண்டு வகை.

மொட்டை: பானெட்டின் பக்கவாட்டில் ஒன்றுமில்லை. வழவழ. கூடலூர்க்காரர்கள் இதை எருமை என்கிறார்கள்.

மீசை: பானெட்டின் இரு பக்கமும் காற்றுக்காக ஆறு சாய்ந்த கீற்றுகள்.

மற்றதெல்லாம் ஒன்று. அதே கேபின், அதே என்ஜின், கதவு திறக்கும்போது அதே கிறீச். ராணுவத் தாள்களில் இவற்றுக்கு நீளமான பெயர்கள் உண்டு, கடைசி எழுத்து மட்டும் மாறும். அந்தப் பெயர் வண்டியோடு வருவதில்லை. ஏலத் தாளில் 'லாரி, பழையது, ஆறு' என்றுதான் இருக்கும். சேசிஸ் எண் வரிசையாக ஓடும், வகையைச் சொல்லாது. பட்டாளப் பச்சையில் தனியார் வண்டி ஓடக்கூடாது என்பதால் பச்சையைச் சுரண்டுகிறோம். பச்சையோடு மிச்சமிருந்த எழுத்தும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு இவற்றுக்குப் பெயர் நாங்கள் வைப்பதுதான்.

நாங்கள் என்று எழுதுகிறேன். நான்.


ஜனவரி 5, திங்கள்

தம்பி இன்றும் சாப்பிடவில்லை.


ஜனவரி 6, செவ்வாய்

தம்பி மயில்சாமி. வயது இருபத்தி நான்கு. டிசம்பர் 11 காலை, கோத்தகிரியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கினான். எங்கள் யார்டு விற்ற வண்டி, மீசை 14. நான்காவது வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு வண்டி சாய்ந்தது. மேலே உட்கார்ந்து வந்த லோடுமேன் ஆறுச்சாமி இறந்தார். தம்பிக்கு இடது கணுக்கால்.

ஜாமீனில் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இன்று பேசினான்.

"அக்கா, வக்கீல்கிட்டச் சொல்லீட்டேன். இருவத்தி மூணாந்தேதி கோர்ட்ல ஒத்துக்கறேன்னு."

"என்னத்த?"

"நாந்தான் கொன்னேன்னு."

"பிரேக் புடிக்கலைன்னு சொன்னியேடா."

"எல்லா டிரைவரும் அதத்தான் சொல்லுவான். இன்ஸ்பெக்டர் பாத்துட்டு சரியா இருக்குன்னு எழுதீட்டாரில்ல. அப்ப நான்தான் சரியா மிதிக்கல."

"உனக்குத் தெரியாதா, மிதிச்சியா இல்லியான்னு?"

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. இப்பத் தெரியல."

பதினேழு நாட்கள் இருக்கின்றன.


ஜனவரி 7, புதன்

மோட்டார் வாகன இன்ஸ்பெக்டரின் ஆய்வறிக்கை நகல் வக்கீலிடமிருந்து கிடைத்தது. முக்கியமான வரி: 'விற்பனைத் தாளில் கண்ட வகைக்குரிய பிரேக் கப்புகளே பொருத்தப்பட்டுள்ளன. கோளாறு இல்லை.'

பலமுறை படித்தேன். குறை சொல்ல முடியாத வாக்கியம். அது ஒரே ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. வகை.

விற்பனைத் தாளில் வகை என்ற கட்டத்துக்கு எதிரே மீசை என்று இருக்கிறது. கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

கப் என்பது சக்கரத்துக்குள் பிரேக் எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர். மொட்டைக்கும் மீசைக்கும் உள்ள ஒரே உண்மையான வித்தியாசம் அங்கேதான். மொட்டையின் சிலிண்டர் வாய் அரை நூல் பெரியது. அரை நூல் என்றால் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு.


ஜனவரி 8, வியாழன்

பானெட்டை விட்டுவிட்டு வகையைச் சொல்ல வழி உண்டா? சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றாமல்? இதுதான் கேள்வி. யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் பானெட் முகத்துக்கு நேரே இருக்கிறது.

மெக்கானிக் சாகுலிடம் கேட்டேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

"மீசை இருந்தா மீசை, இல்லாட்டி மொட்டை. இதுக்கு மேல என்ன வேணும் டீச்சர்?"

"மீசைய மழிச்சுட்டா?"

"மழிச்சாலும் அது மீசைதான். மூஞ்சி தெரியாதா?"

"அந்த மூஞ்சி எங்கே இருக்குன்னுதான் கேக்கறேன்."

சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.


ஜனவரி 9, வெள்ளி

வண்டிகளுக்கு அடியில் படுத்தேன். சாக்கு, டார்ச், சாக்பீஸ். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன். முதல் மூன்று வண்டிகளில் கண்டது கிரீஸும் ஒரு குளவிக் கூடும்தான்.

நான்காவதில் கிடைத்தது. பின்சக்கரங்களுக்கு முன்னால் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். அதில் ஓட்டைகள். மொட்டையில் வட்டமாக இரண்டு. மீசையில் நீளவாக்கில் மூன்று. தொழிற்சாலையில் யாரோ எடையைக் குறைக்க வெட்டியவை. இந்தச் சட்டம் ரிவெட் அடித்தது. கழற்ற முடியாது.

மல்லாந்து படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தேடியும் இப்படி ஒன்று கையில் தட்டுப்பட்டதில்லை.


ஜனவரி 10, சனி

பதினொன்றையும் முடித்தேன்.

பெயரும் ஓட்டையும் பொருந்துபவை: பத்து.

பொருந்தாதது: ஒன்று. மொட்டை 9. பானெட் வழவழ. அடியில் நீள ஓட்டை மூன்று.

விதிவிலக்காக இருக்கலாம். பிறகு பார்க்கலாம்.


ஜனவரி 11, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். தம்பிக்குத் தோசை ஊற்றினேன். பாதி தின்றான்.

அக்டோபர் 16 அன்று மதியம் வரை நான் யார்டில் இல்லை. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.


ஜனவரி 12, திங்கள்

காலையில் ஒரு பெண் யார்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் துணிக்கடைப் பை. நேராக என் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்க, மல மேல உளுந்துச்சுல்ல, அந்த வண்டி மாதிரி இங்க ஒண்ணு இருக்குங்களா?"

"நீங்க?"

"ஆறுச்சாமி சம்சாரமுங்க. தெய்வான. அந்த வண்டியப் பாக்க உடமாட்டீங்கறாங்க ஸ்டேஷன்ல. எப்பிடி இருக்கும்னாச்சும் பாத்துட்டுப் போலாம்னு."

கீற்று வைத்த மீசைகள் ஐந்து வரிசையாக நின்றன. அவளை அங்கேதான் கூட்டிப் போயிருக்க வேண்டும். ஏன் ஒன்பதாவதிடம் கூட்டிப் போனேன் என்று தெரியவில்லை.

"இதே மாதிரிதானுங்களா?"

"இதே மாதிரிதான்."

வண்டியைச் சுற்றி வந்தாள். பின்பலகையின் உயரத்தைக் கையால் எட்டிப் பார்த்தாள். எட்டவில்லை.

"இத்தன ஒசரத்துலயா உக்காந்து வருவாரு. எங்கிட்டச் சொன்னதே இல்லீங்க. முன்னால டிரைவர் பக்கத்துல உக்காந்துதான் வாரேம்பாரு." பிறகு கேட்டாள்: "பிரேக்கு எங்கீங்க இருக்கும்?"

"சக்கரத்துக்குள்ள."

"வெளிய தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எப்பிடி அது நல்லாருக்குன்னு கண்டுபுடிப்பீங்க?"

"எழுதி வெச்சிருப்போம்."

தலையாட்டினாள். எழுதி வைத்திருப்பதில் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. போகும்போது, "நீங்க யாருங்க?" என்றாள்.

"இங்க எழுத்து வேலைங்க" என்றேன்.


ஜனவரி 13, செவ்வாய்

அக்டோபர் 16.

பெயிண்ட் நாள். தீபாவளிக்கு முன் எல்லா வண்டிகளின் பானெட்டுகளையும் கழற்றி, தரையில் வரிசையாகப் போட்டு, ஒரே மூச்சில் ஸ்ப்ரே அடிப்பது எங்கள் வழக்கம். கழற்றும்போது ஒருவர் பக்கத்தில் நின்று, பானெட்டில் ஒரு சீட்டும் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டும் கட்ட வேண்டும். ஒரே எண். அந்த ஒருவர் நான்.

அன்று கோவையில் ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அண்ணனிடம் பல் வலி என்றேன். மூன்று மணிக்குத் திரும்பினேன். பெயிண்டர்கள் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு ரோட்டுக்கடைக்குப் போயிருந்தார்கள். எந்தப் பானெட்டும் எந்த வண்டியிலும் உட்காரும். ஒரு ஸ்டீயரிங்கிலும் சீட்டு இல்லை. பெயிண்ட் இன்னும் ஈரம்.

தூரிகையை எடுத்து, பானெட்டுகளைப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பெயரெழுதிக்கொண்டே போனேன். மீசை. மீசை. மொட்டை. அழகாகத்தான் எழுதினேன்.

பெயர் என்பது பொருளின் மேல் ஏற்றப்படுவது என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். நாங்கள் அதைக் கழற்றி மாட்டக்கூடிய பாகத்தின் மேல் ஏற்றிவந்தோம்.

இரண்டு பானெட்டுகள் இடம் மாறியிருக்கின்றன. அன்று வரிசையில் நின்று, பிறகு விற்றது மீசை 14 ஒன்றுதான். ஒன்பதாம் வண்டி, மொட்டை போட்ட மீசை. அப்படியென்றால் தம்பி ஓட்டியது மீசை வைத்த மொட்டை. அதன் பெரிய சிலிண்டர்களில் சின்னக் கப்.

கல்லூரி வேலை கிடைக்கவில்லை.


ஜனவரி 14, புதன்

போகி. காலையில் தெருவெல்லாம் புகை.

சாகுலிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கப்பு லூசாத்தான் இருந்துச்சு."

"என்ன சொல்றீங்க?"

"மாட்டறப்பவே. சீட்டுல மீசைன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்க. கடைலயும் அதுக்குத்தான் கப்பு குடுத்தான். புது ரப்பர், எண்ணெய்ல ஊறுனா புடிச்சுக்கும்னு நெனச்சேன். கீழ ரோட்ல ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் நின்னுச்சு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டயா? எம்.ஏ. எழுதுனத சாகுல் தப்புங்கறதா?" பிறகு மெதுவாக: "கேட்டிருக்கணும் டீச்சர்."

சமதரையில் நிற்கும். மலை இறக்கத்தில் டிரம் சூடாகி, எண்ணெய் இளகி, கப்பின் ஓரமாகக் கசிந்துவிடும். தம்பி மிதித்திருக்கிறான். மிதி வெறுமையாக இறங்கியிருக்கிறது.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. ஊகத்தை அவனிடம் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும்.


ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வைக்கவில்லை.


ஜனவரி 17, சனி

தம்பி ஓட்டிய வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் கிடக்கிறது. வக்கீலின் குமாஸ்தாவும் வந்தார். ஏட்டு பத்து நிமிடம் கொடுத்தார்.

"வண்டிக்கு அடீல போய் என்னம்மா பாக்கப்போற?"

"ஓட்டை எண்ணணுங்க."

"எண்ணு, எண்ணு. நான் கொய்யாக்கா எண்ணறேன்."

கேபின் நசுங்கியிருந்தது. பானெட் நசுங்கவில்லை. அதில் என் எழுத்து, மீசை 14. எனக்கு அடியில் மண்ணோடு காய்ந்துபோன கேரட்டுகள்.

டார்ச்சை அடித்தேன். வட்ட ஓட்டை, இரண்டு.

மறுபடி எண்ணினேன். இரண்டு.

வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்படி குமாஸ்தா கைக்குட்டை நீட்டினார். கிரீஸ் என்று நினைத்திருப்பார்.


ஜனவரி 18, ஞாயிறு

மறு ஆய்வு கேட்டு மனு. நானே எழுதினேன். வக்கீல் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"'வகை தவறாகக் குறிக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. யார் குறிச்சாங்கன்னு கேப்பாங்க."

"தெரியும்."

"உங்க மேலயும் வழக்கு வரலாம். யோசிச்சுக்குங்க."

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'வகையை நான் தவறாகக் குறித்தேன்.' வாக்கியத்தில் ஒரு சொல் கூடிவிட்டது.


ஜனவரி 19, திங்கள்

மனுவின் நகலை நஞ்சப்பன் அண்ணனிடம் கொடுத்தேன். படிக்கும்போது அவர் காது சிவந்தது.

"அம்மிணி, உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்?"

"ஒண்ணும் வெக்கலீங்கண்ணா."

"அப்பறம் ஏன் இப்பிடி? யார்டையே இழுத்துச் சாத்தோணும்னா? எங்கிட்ட பதிமூணு குடும்பம் பொழைக்குது."

"அந்த ஒன்பதாம் வண்டி மட்டும் புதன்கிழமை வரைக்கும் நிக்கட்டுங்க. இன்ஸ்பெக்டர் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும்."

"அது பழைய இரும்புக்குப் போகுது. கட்டர்காரனுக்குச் சொல்லியாச்சு."

"எப்பச் சொன்னீங்க?"

அப்போதுதான் மேசை மேலிருந்த போனை எடுத்தார்.


ஜனவரி 20, செவ்வாய்

பத்தரை மணிக்குக் கேஸ் கட்டர்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர், ஒரு டெம்போ. நான் ஒன்பதாம் வண்டியின் கேபினில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கிறீச்.

அண்ணன் வந்தார். "எறங்கு அம்மிணி."

"வகை எழுதற வேலை என்னோடதுங்க. இந்த வண்டிக்கு இன்னும் எழுதி முடிக்கலீங்க."

"எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுது. எறங்கு."

"எறங்கறங்க. நாளைக்கு."

அவர் கட்டர்காரர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவன், "பின்னாலேர்ந்து ஆரம்பிக்கலாங்களா?" என்றான். அண்ணன் ஒன்றும் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் டியூபை இழுத்தான்.

சாகுல் டெம்போவுக்குப் போய்க் கேஸ் சிலிண்டரின் திருகைத் திறந்தார். உஸ்ஸென்று சத்தம் யார்டு முழுக்கக் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. எல்லோரும் பீடியை அணைத்துவிட்டு ஓடி நின்றார்கள்.

"அண்ணா, இவங்க சிலிண்டர் காலிங்க" என்றார் சாகுல்.

"இப்பத்தான்டா நெறஞ்சிருந்துச்சு!"

"இப்பத்தான் காலியாச்சுங்க."

அண்ணன் அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அங்கே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெயில்ல கேபினு கொதிக்கும். தண்ணியாச்சும் வாங்கிக் குடி" என்றார்.

மாலை ஆறு மணிவரை இறங்கவில்லை. இறங்கிய பிறகு சாகுல் வண்டிக்குக் குறுக்கே கிரேனை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டார்.


ஜனவரி 21, புதன்

இன்ஸ்பெக்டர் முதலில் ஸ்டேஷனில் பார்த்தார், பிறகு யார்டில். ஊரில் இவரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். இன்று அந்தப் பெயர் பொருந்தியது. ஓட்டைகளைக் காட்டினேன். "ஓட்டைய வெச்சு நான் எழுத முடியாதும்மா" என்று டிரம்களைக் கழற்றச் சொன்னார். சாகுல்தான் கழற்றினார்.

இன்ஸ்பெக்டர் அளவுக் கருவியைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தார். கப்பை வெளியே எடுத்து அளந்தார். ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார்.

"அரை நூல்" என்றார்.

நசுங்கிய வண்டியில் பெரிய சிலிண்டர், சின்னக் கப். கப்பின் ஓரம் ஒரு பக்கமாக மடிந்து தேய்ந்திருந்தது. யார்டில் நின்ற ஒன்பதாம் வண்டியில் சின்னச் சிலிண்டர், மீசைக்கு உரியது.

"நசுங்குன வண்டிய மீசைன்னு அடையாளம் சொன்னது யாரு?"

"நான்."

"இப்ப மொட்டைன்னு சொல்றது?"

"அதுவும் நாந்தானுங்க."

படிவத்தில் அடையாளம் காட்டியவர் என்று ஒரு கட்டம். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார். எழுதினேன்.

வீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். கண்ணால் பார்த்ததை மட்டும், வரிசையாக.

அவன் என் கையைப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான்."

"நான் மிதிச்சேன்க்கா."

"மிதிச்சே."

"மூணு தடவ மிதிச்சேன்."

"தெரியும்டா."

அழவில்லை. எழுந்து, நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போய், தட்டை எடுத்து, தானே சோறு போட்டுக்கொண்டான். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நியாயம்தான்.


ஜனவரி 23, வெள்ளி

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. புது அறிக்கை சேர்க்கப்பட்டது. யார்டுக்கும் சாகுலுக்கும் எனக்கும் சம்மன் வரும் என்றார் வக்கீல். அண்ணன் என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

இருந்தாலும் மதியம் யார்டுக்குப் போனேன். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பதினோரு வண்டிகளுக்கு அடியிலும் படுத்து, ஓட்டைக்குப் பக்கத்தில், ரிவெட் அடித்த சட்டத்தில் வகையை வெட்டினேன். ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம். பானெட்டுகளின் மேலிருந்த என் எழுத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். சாகுல் இரண்டாவது சுத்தியலோடு எதிர்ப்பக்கம் வந்து படுத்தார்.


ஜனவரி 24, சனி

தெய்வானையின் வீடு காரமடை ரோட்டில், ரயில்வே லைன் ஓரம். விசாரித்துத்தான் போனேன். வாசலில் வெங்காயத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"யார்டுல இருக்கறவங்கதானுங்களே? எழுத்து வேல."

"அன்னைக்கு உங்களுக்கு ஒரு வண்டி காட்டுனனுங்க."

"ஆமாங்க. ஒசரமா."

"அது இல்லீங்க அந்த மாதிரி. வேற. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். சொன்னேன். பானெட், பெயிண்ட், பல் வலி, கப், அரை நூல். நடுவில் எதையும் விடவில்லை. எளிய சொற்களைத் தேடவில்லை, அவையே வந்தன. ஒரு ரயில் போனது. அது போகும்வரை நிறுத்தியிருந்து மறுபடி சொன்னேன்.

"அப்ப அந்த டிரைவர் தம்பி?"

"மிதிச்சிருக்கான். பிரேக்தான் புடிக்கல."

"நீங்க யாருங்க?"

இரண்டாவது முறை கேட்கிறாள்.

"என் பேரு சுகந்தி. மயில்சாமியோட அக்கா. அந்த வண்டிக்குத் தப்பாப் பேரெழுதுனவ."

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

நின்றேன்.